கத்திரி வெயில்: மல்லாட்டைக் கொல்லையிலிருந்து தறிக்குழி வரை

கேள்வி-பதில் பகுதிக்கு ஆரணி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வியாக இல்லாததால், தனிக் கட்டுரையாகவே தருகிறோம்.

‘என் வீட்டுக்காரருக்கு வயது 44. பட்டுத்தறி நெய்கிறார். ஒரு ஏக்கர் கொல்லையும் இருக்கிறது. போன சித்திரையில் மல்லாட்டை பிடுங்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுகோஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.9 என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. தண்ணீர் குடிக்கிறவர்தான். பிறகு ஏன் இப்படி? இந்த வருடம் அறுவடைக்கு அவரைக் கொல்லைக்கு அனுப்பலாமா, கூடாதா?’

கடிதத்தைப் படித்துவிட்டு ஆரணிக்குப் போனோம்.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலை, அரிசிக்கடைக்காரர்களுக்குப் பொன்னி. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கமண்டல நாகநதிக் கரையிலிருக்கும் ஊரைச் சுற்றி நெல், கரும்பு, மல்லாட்டை. இந்தப் பக்கத்தில் நெசவும் விவசாயமும் தனித்தனிக் குடும்பங்களின் தொழில் இல்லை. ஒரே வீட்டில் அப்பா தறியில் இருப்பார், அம்மா கொல்லையில் இருப்பார், அறுவடை வந்தால் எல்லோருமே கொல்லையில் இருப்பார்கள். வெயிலைப் பொறுத்தவரை ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அது எப்படி என்று பிறகு சொல்கிறோம்.

வேலூர், ஆரணி, திருவண்ணாமலை வட்டாரத்து வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்று இங்கே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பகலில் சூடேறிய பாறைக்குன்றுகள் ராத்திரி வரை அனலை விடாது. 2024 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் அதிகாரபூர்வமாகப் பேரிடர் ஆகிவிட்டது.

கடிதம் எழுதியவரின் வீட்டில் கணவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்தரை மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. சுவரில் மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. கேட்டதற்கு, “காத்து நேரா பாவுல பட்டா இழை காஞ்சி அறுந்துடும் சார். ஒரு இழை அறுந்தா முடிச்சு போட்டு எடுக்கறதுக்குள்ள பொழுது போயிடும்” என்றார். ஜன்னலில் பாதியைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். பட்டு இழைக்கு ஈரப்பதம் வேண்டும். குழித்தறியில் தரையின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும் என்பது முன்னோர் கண்ட வழி. ஆனால், கூரை ஓலையாகவோ ஓடாகவோ இருந்த காலத்து வழி அது.

அங்கேயே பக்கத்துக் கொல்லைக்காரரும் வந்து சேர்ந்தார். அவர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர். “எங்க புழு மனையில தெர்மாமீட்டர் மாட்டி வெச்சிருக்கோம். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி. பெரிய புழுவுக்கு 25. அதுக்கு மேல ஏறினா நாலு பக்கமும் ஈரச்சாக்கு கட்டிடுவோம். புழுவுக்குப் பாக்கறோம், நெய்யற மனுசனுக்கு யாரு பாக்கறா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தறிக்காரர் சிரிக்கவில்லை.

பேச்சுவாக்கில்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. குழியில் கால் தொங்கவிட்டு மிதித்து மிதித்து அவருக்கு நாள்பட்ட இடுப்பு வலி. “வலிக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டோம். மனைவிதான் பதில் சொன்னார். “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மெடிக்கல்ல கேட்டா கொடுப்பாங்க. அறுவடை நாள்ல மதியமும் ஒண்ணு போட்டுக்குவாரு.” அட்டையை வாங்கிப் பார்த்தோம். டைக்ளோஃபினாக்.

‘பிறகு ஏன்?’ என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த அட்டையில் இருந்தது.

வலி மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால்

வேர்வையாக நீர் வெளியேறும்போது ரத்தத்தின் அளவு குறைகிறது. உடல் முதலில் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றும். சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு குறையும். அப்போது சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை விரித்துவைத்து ஒருவாறு சமாளிக்கும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்தச் சமாளிப்பையே தடுத்துவிடும். ஆரோக்கியமானவர் நிழலில் உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீர் வற்றிய உடம்போடு வெயிலில் நின்று, நாளுக்கு மூன்று என்று வாரக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும்? உடம்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவது நம் கிராமங்களில் டீ குடிப்பது போல ஆகிவிட்டது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்பவர்கள் இனி குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: “இது கிட்னிக்கு ஆகுமா?”

மீதிப் பாதி பதில் வெயிலே. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் தமிழகத்தில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அவர்களில் சுமார் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ எதுவும் இல்லை. ஆந்திராவின் உத்தானம் பகுதித் தென்னை, முந்திரி விவசாயிகள், இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகள், மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் என்று வெயிலில் உழைக்கும் கூட்டங்களில்தான் இந்த நோய் மறுபடி மறுபடி வருகிறது. தண்ணீரில் கலந்த பொருள், பூச்சிக்கொல்லி என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. ஆனால் நிகராகுவாவில் ஒரு சர்க்கரை ஆலை கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வயலிலேயே நிழல் கூடாரம், கட்டாய ஓய்வு, உப்பு கலந்த குடிநீர் மூன்றையும் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. நிழல், ஓய்வு, தண்ணீர்.

அப்படியானால் தண்ணீர் குடிக்கிறவருக்கு ஏன் வந்தது? எவ்வளவு குடித்தார் என்று கணக்குப் பார்த்தோம். காலை ஆறு மணிக்கு இறங்கி மதியம் ஒரு மணி வரை, ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று. அதுவும் பெரும்பாலும் ஒரே மூச்சில். வெயிலில் கடினமாக உழைக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாக்கு வறளும்போது உடம்பில் ஒரு லிட்டர் அளவுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். ஆகவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டர். ஆறு மணி நேர வேலைக்கு நாலரை லிட்டர். அதேசமயம், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு ஆபத்து வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேர்க்கும் வேலை என்றால், இடையில் உப்புள்ளதாக ஏதாவது இறங்க வேண்டும். இதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். கேழ்வரகுக் கூழ், உப்புப்போட்ட நீராகாரம், மோர் எல்லாம் நம் வடாற்காட்டுப் பழக்கம்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒரு யோசனை. உங்கள் ஊரில் ரைஸ் மில் இருந்தால் அங்கே எடைமேடை இருக்கும். அறுவடை நாளில் காலையில் போகும்போது ஏறி நில்லுங்கள். மதியம் திரும்பும்போது ஒருமுறை ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், கணக்கில் ஒரு லிட்டர் நீர் பாக்கி. எந்த மருத்துவர் சொல்வதையும்விட அந்த முள் சொல்வது மனதில் பதியும். எடைமேடை இல்லாதவர்களுக்குச் சிறுநீரின் நிறமே போதும். எலுமிச்சைச் சாறு நிறம் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறம் என்றால் தண்ணீர் போதவில்லை. டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தில் அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘தண்ணி குடிச்சா ஒதுங்க இடமில்ல’ என்று காலையிலிருந்து குடிக்காமலே களை எடுக்கிறார்கள், மல்லாட்டை ஆய்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் இதிலிருந்து வருபவை. ஆள் வைத்து அறுவடை செய்பவர்கள் கொல்லையில் நான்கு கம்பு நட்டு, கீற்றோ பழைய சேலையோ கட்டி ஒரு மறைப்பு செய்து கொடுங்கள். இதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. தண்ணீர்க் குடத்தைவிட அந்த மறைப்புதான் அவர்களைத் தண்ணீர் குடிக்க வைக்கும்.

நிழலில் இருந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்

முதலில் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருவோம். வருடம் முழுவதும் வெயிலில் நிற்கும் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும். சீக்கிரம் வேர்க்கும், வேர்வையில் உப்பு குறைவாகப் போகும், இதயத் துடிப்பு அதிகம் எகிறாது. இந்தப் பழக்கம் வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். சில நாள் வெயிலை விட்டு விலகினாலே கரைய ஆரம்பித்துவிடும். தறிக்காரர் பதினோரு மாதம் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். சித்திரையில் ஒரு நாள் தறியைவிட்டு எழுந்து நேராகக் கொல்லைக்குப் போய், தினமும் வெயிலில் நிற்கும் மனைவிக்குச் சமமாகக் குனிந்து மல்லாட்டை பிடுங்குகிறார். விழுந்தது மனைவி இல்லை, கணவர். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அறுவடைக்கு வரும் பிள்ளைகள், காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவர்கள், கோயில் திருவிழா முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான்.

புதிதாக வெயிலில் இறங்குகிறவர் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கு கூட்டிக்கொண்டு போகலாம். அறுவடை அவசரத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அறுவடைத் தேதி ஒரு வாரம் முன்பே தெரியும். அந்த வாரம் தினமும் காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொல்லையில் ஏதாவது வேலை பார்த்துப் பழகினால் போதும்.

வெப்பநிலை எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லாது. மண்பானையை நினைத்துப் பாருங்கள். காற்று உலர்ந்திருக்கும் சித்திரையில் பானைத்தண்ணீர் சில்லென்று இருக்கும். மேகம் போட்டுப் புழுங்கும் நாளில் அவ்வளவு குளிராது. நம் தோலும் அந்தப் பானைதான். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆரணியின் சாயப்பட்டறைகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பச்சைப் பட்டிலிருக்கும் பசையை நீக்க, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைக்கிறார்கள். பிறகு சாயத்தொட்டி, அதுவும் கொதிக்கும். அடியில் விறகு, மேலே ஆவி. அங்கே நிற்பவருக்கு வேர்த்து வழியும், ஆனால் காயாது. வெளியே 38 டிகிரி என்றாலும், கொல்லையில் 41 டிகிரியில் நிற்பவரைவிட அவர் அதிக ஆபத்தில் இருக்கலாம். பட்டறைகள் கோடையில் இரவு மூன்று மணிக்கே அடுப்பைப் பற்றவைத்து, ஒன்பது மணிக்கு முடித்துக்கொள்வது நல்லது. ஆவி மேலே போகக் கூரையில் ஒரு திறப்பாவது வேண்டும்.

தறிவீட்டுக்கு என்ன செய்யலாம்? ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு பூச்சு பூசினால் உள்ளே வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையும். அகமதாபாத்தில் ஏழைகள் குடியிருப்புகளில் இதைச் செய்தார்கள். 2010 மே மாதத்தில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2013-ல் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் போட்டார்கள். பூசும்போது ஆஸ்பெஸ்டாஸ் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து விழுவார்கள். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்ணாம்பு முடியாதவர்கள் கூரைமேல் கீற்று பரப்பலாம், ஆனால் தீ ஜாக்கிரதை. காற்றைப் பாவில் படாமல், நெய்பவரின் முதுகுப் பக்கம் தாழ்வாக விழும்படி சின்ன மின்விசிறியை வைத்து, தோளில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். வறண்ட தோலில் 40 டிகிரிக் காற்றடித்தால் அடுப்புக்காற்றுதான். ஈரத்தோலில் பட்டால் குளிர்ச்சி. இழைக்குத் தேவையான ஈரத்தைக் குழிக்குள் நனைத்த சாக்கு கொடுக்கும். இதை அவர் வீட்டில் வைத்துப் பார்த்தோம். இழை அறுகிறதா என்று ஒரு மணி நேரம் கவனித்துவிட்டு, “பரவால்ல” என்றார். தறிக்காரர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

வேலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வேண்டாம். வெளிநாடு போன நம் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கேரளத்திலும் கோடையில் 12 முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம் கொல்லைக்கு நாம்தான் உத்தரவு போட வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

தலைச்சுற்றல், வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு, அதிக வேர்வை என்றால் உடம்பு எச்சரிக்கிறது. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, உப்புச்சர்க்கரை நீர் கொடுத்தால் அரை மணியில் தேறுவார். தேறாவிட்டால் ஆஸ்பத்திரி.

பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, எதற்கோ கோபப்படுகிறார், வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரி, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. தோல் உலர்ந்துதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். உழைக்கிறவருக்கு வேர்த்துக்கொண்டே வெப்பவாதம் வரும். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். அந்த அரை மணி நேரம்தான் உயிர். பம்ப்செட் தொட்டி பக்கத்தில் இருந்தால், தலை மூழ்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறக்குங்கள். இல்லையென்றால் சட்டையைக் கழற்றி, குடம் குடமாக ஊற்றிக்கொண்டே துண்டால் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

போன வருடம் அவர் விழுந்தபோது முதலில் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பிறகு சோடா. மனைவிதான் ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்திருக்கிறார். ‘ஜன்னி வந்துடும்’ என்று பக்கத்தில் நின்றவர்கள் அவரைத் திட்டியிருக்கிறார்கள். அம்மா, நீங்கள் செய்ததுதான் சரி.

வாசகர்கள் கேட்ட இன்னும் சில கேள்விகள்

‘எனக்கு பி.பி. மாத்திரை ஓடுகிறது. மோரில் உப்புப் போடலாமா?’

வெயிலில் வேர்க்க வேலை செய்யாத நாளில் வேண்டாம். வேலை செய்யும் நாளில் எவ்வளவு என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சில பி.பி. மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிக்கும். கோடையில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்கள் இளநீரையும் கேட்காமல் குடிக்கக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு இதயத்தைப் பாதிக்கும்.

‘மருமகள் ஐந்து மாதம். களை எடுக்கப் போகிறாள். போகலாமா?’

தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருக்கலைவு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. கோடை முடியும்வரை வெயில் வேலை வேண்டாம். கூலி போகும் என்பது தெரிகிறது. நிழலில் மல்லாட்டை உடைக்கிற மாதிரி வேலையை அவருக்கு ஒதுக்குங்கள்.

‘கலப்பினப் பசு மதியத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிறது. பால் குறைந்துவிட்டது.’

தீவனத்தை விடியற்காலையும் பொழுதுசாய்ந்த பிறகும் வையுங்கள். தின்றது செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். பகலில் இரண்டு மூன்று முறை உடம்பு முழுக்க நனைத்து, காற்றோட்டத்தில் கட்டுங்கள். காற்றில்லாத கொட்டகையில் நனைத்தால் புழுக்கம்தான் கூடும்.

‘வெயிலால் இறந்தால் அரசு பணம் தருமா?’

வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டதால், இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். வயலில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், ‘நெஞ்சுவலி’ என்று சொல்லி அன்றே காரியத்தை முடித்துவிடுகிறோம். பிறகு எந்தச் சான்றும் கிடைக்காது. வி.ஏ.ஓ.வுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கடிதம் எழுதிய வாசகிக்கு.

மயங்கி விழுந்த அன்று எடுத்த கிரியாட்டினினை மட்டும் வைத்து, கிட்னி போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது. நீர் வற்றிய நாளில் அது ஏறத்தான் செய்யும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்திருக்க வேண்டும், நீங்கள் பார்க்கவில்லை. நாங்கள் வந்துபோன வாரமே பரிசோதித்து, 1.4 என்று போனில் சொன்னீர்கள். குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகத் தேறவில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வலி மாத்திரை இனி வீட்டுக்குள் வரக் கூடாது. இடுப்பு வலிக்கு வேறு மருந்தும் உடற்பயிற்சியும் மருத்துவரே சொல்வார்.

மல்லாட்டை பிடுங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றீர்கள். புரதப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டும், நாளை மறுநாளிலிருந்து காலை ஆறு முதல் ஏழு வரை அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போங்கள். தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவருக்கு மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடை நாளில் ஒன்பதரை மணிக்கு மேல் அவர் செடி பிடுங்க வேண்டாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காய் ஆயட்டும். அதற்குச் சம்மதிக்க மாட்டார் என்றால், தறியிலேயே இருக்கட்டும்.